குதிரைக்கு முதுகு காட்டினவர்

எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன், மோந்து பாரும்மா. வளைவுக்கு வளைவு உன் முகம் வெளுத்துக்கிட்டே போகுது. வெக்கப்படாத, இந்த மலை ஏறும்போது பாதி பஸ்ஸுக்கு அப்படித்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ. நான் பேசிக்கிட்டே வர்றேன், நீ கேட்டுக்கிட்டே வா, வயிறு தன்னால அடங்கிடும். எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்ல.

அதோ டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல வழுக்கைத் தலை ஆடுது பாரு, அதுதான் எங்க வீட்டுக்காரர். தணிகாசலம். மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. சேர்ந்தாப்பல சீட்டு கிடைக்கல. ஊட்டிக்கு எதுக்குப் போறீங்கன்னு கேக்கறியா? க்ளைமேட்டுக்குத்தான். மெட்ராஸ் வெயில் தாங்கல. அப்புறம், அங்க குதிரை ரேஸ் சீசன் வேற நடக்குது. அது ஒரு பக்கம். ரேஸ் மைதானம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே இருக்குதாம், அதனால அலைச்சலும் இல்ல.

சிரிக்காத. நான் ரேஸ் பைத்தியம் கிடையாது. ரேஸுங்கற வார்த்தையையே என் வீட்ல முப்பது வருஷமா யாரும் சொன்னதில்ல. சொன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது. அப்படி இருந்தவ நான்.

சைதாப்பேட்டைல எங்க வீடு. கிண்டி ரேஸ் மைதானம் கூப்பிடு தூரம். கல்யாணம் ஆன புதுசுல இவரு சனிக்கிழமையானா ஆபீஸ்ல ஆடிட்டும்பாரு. நானும் நம்பினேன். என்னடா இது, கரண்டு ஆபீஸ்ல மழைக்காலம் பூரா ஆடிட்டா இருக்குதேன்னு ஒரு நாள் கூட எனக்குத் தோணல. அப்ப அவ்வளவு வெகுளி நான். இப்ப என்கிட்ட ஒரு ஊசி முனை பொய் சொல்ல முடியாது யாராலயும். கண்ணைப் பார்த்தே சொல்லிடுவேன்.

எங்க பையன் பார்த்திபனுக்குக் காது குத்து. சொந்தபந்தம் எல்லாம் வந்தாச்சு. என் தம்பி மடியில குழந்தை. ஆசாரி ஊசியைத் துடைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அப்பா எங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. வெத்தலை வாங்கப் போனவரு வரல. நல்ல நேரம் முடியப் போகுதுன்னு குத்தியாச்சு. குழந்தை அழுது, தூங்கி, எழுந்து, மறுபடி சிரிச்சப்புறம் வர்றாரு மனுஷன். கையில வெத்தலை இருக்கு. சட்டைப் பையில ரேஸ் புஸ்தகம் எட்டிப் பாக்குது. என் மாமியாரே தலையில அடிச்சுக்கிட்டாங்க.

அன்னிக்கு நான் ஒரு வார்த்தை திட்டல. குழந்தையைத் தூக்கிக்கிட்டு, இவரு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஒரு கையைப் பிள்ளை தலையில வைங்க, இன்னொரு கையால கற்பூரத்தை அணைங்கன்னேன். "இனிமே குதிரை ரேஸைத் திரும்பிப் பார்க்க மாட்டேன்"னு நான் சொல்லச் சொல்ல அவரும் சொன்னாரு. உள்ளங்கை கருகிப் போச்சு. சத்தியத்தை மீறினா பிள்ளைக்கு ஆகாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் அந்த மனுஷன் பார்க்கலம்மா. இத நான் எங்க வேணா சொல்லுவேன். கிண்டி வழியா பஸ்ல போனா மைதானம் வர்ற பக்கம் உக்கார மாட்டாரு. நின்னுக்கிட்டு வந்தா கண்ணை மூடிக்குவாரு. டிவியில குதிரை ஓடிச்சுன்னா தண்ணி குடிக்கற சாக்குல சமையல்கட்டுக்கு வந்துடுவாரு. எனக்கு அப்பல்லாம் பெருமையா இருக்கும். அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிச்சதே இல்ல. அதுதான் நெஜம்.

சரி, இப்ப ஆஸ்திரேலியா. பார்த்திபன் மெல்போர்ன்ல வேலை. கட்டினது யாழ்ப்பாணத்துப் பொண்ணு, துஷ்யந்தின்னு பேரு. தங்கமான பொண்ணு, தமிழ்தான் நமக்குப் புரிய ஒரு வாரம் ஆகும். நாங்க அங்க போய் இறங்கி ரெண்டு வாரம் ஆகல, ஒரு நாள் ராத்திரி சாப்பிடறப்ப சாதாரணமா சொல்றா, "செவ்வாய்க்கிழமை எல்லாரும் ரேஸுக்குப் போறம் மாமி, உங்களுக்கு ஒரு தொப்பி வாங்கவேணும்."

எடுத்த கவளத்தை நான் தட்டுலயே போட்டுட்டேன். இவரு தட்டையே பாக்கறாரு. நிமிரவே இல்ல.

அந்த ஊரு வழக்கம் அப்படியாம். நவம்பர் மாசம் முதல் செவ்வாய்க்கிழமை ஊருக்கே லீவு. எதுக்கு? சாமிக்கா, தலைவருக்கா? குதிரைக்கு. நாம செவ்வாய்க்கிழமை ஒரு நல்ல காரியம் ஆரம்பிப்போமா சொல்லு. அவங்க பள்ளிக்கூடத்தை மூடி, ஆபீஸை மூடி, புதுத்துணி எடுத்து, குதிரை ஓட்டறாங்க. நம்ம ஊர்ல ரேஸுக்குப் போறவன் வீட்ல சொல்லிட்டுப் போக மாட்டான். அங்க போகாதவன்தான் காரணம் சொல்லணும்.

நான் வரலைன்னேன். அதுக்குப் பார்த்திபன் என்னைத் தனியா கூப்பிட்டு, அம்மா, என் ஆபீஸ் மேனேஜர் கிரேக் குடும்பத்தோட வர்றாரு, உங்க ரெண்டு பேரையும் பார்க்கணும்னு அவரே கூப்பிட்டிருக்காரு, புது வேலை எனக்கு, வரமாட்டோம்னா தப்பா நினைப்பாருன்னு கெஞ்சறான். பிள்ளை தலையில கை வெச்சு வாங்கின சத்தியம், பிள்ளையே வந்து ரேஸுக்குக் கூப்பிடறான். என்ன செய்யறது? இவருகிட்ட கேட்டேன். "போவோம் குமுதா. நான் திரும்பிப் பார்க்கல, அவ்வளவுதானே"ன்னாரு.

போனோம். அடேயப்பா, அது ரேஸா, கல்யாண ஊர்வலமா? புல்தரை பூரா ஜமக்காளம் விரிச்சுக் கூடையில சாப்பாடு. கைக்குழந்தையைத் தள்ளு வண்டியில வெச்சு வந்திருக்காங்க. மாமியாரும் மருமகளும் கைகோத்துக்கிட்டு வர்றாங்க. பொம்பளைங்க தலையில எல்லாம் தொப்பி. தொப்பின்னா தொப்பியும் இல்ல. ஒரு தட்டு, அதுல ரெண்டு இறகு, ஒரு கொசுவலை. எனக்கு அரக்குப் பட்டுப்புடவை, கொண்டை, அந்தக் கொண்டையில துஷ்யந்தி ஒரு நீல இறகைக் குத்தி விட்டா. போற வர்றவங்கல்லாம் நின்னு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்கம்மா. எனக்கு வெக்கம் ஒரு பக்கம், ஆனா ஒருத்தரையும் வேணாம்னு சொல்லல.

சத்தியம் பண்ணின அன்னிக்கு ராத்திரி கிண்டியைப் பத்தி இவரு எனக்குச் சொல்லியிருக்காரு. ஆம்பளைங்க மட்டும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காம, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாங்களாம். தெரிஞ்சவன் எதிர்ல வந்தா ரெண்டு பேரும் தெரியாத மாதிரி போயிடுவாங்களாம். இங்க என்னடான்னா தெரியாதவன்லாம் கட்டிப் பிடிக்கறான்.

பார்த்திபன் ஆபீஸ்ல ஓயுனான்னு ஒரு பொண்ணு, மங்கோலியாக்காரி. அவ ஊர்ல ரெண்டு வயசுக் குட்டிக் குதிரைங்க ஓடறப்ப கடைசியா வர்ற குட்டிக்குப் பாட்டுப் பாடுவாங்களாம். கவலைப்படாதடா கண்ணு, உன்மேல தப்பில்ல, அடுத்த வருஷம் நீதான்னு தடவிக் கொடுத்துப் பாடுவாங்களாம். எனக்கு அந்த ஊரு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எங்க நாத்தனார் மகன் துபாய்ல இருக்கான், அங்க ரேஸ் உண்டு, பந்தயம் கட்டறது கிடையாதாம். அத நான் ஓயுனாவுக்குச் சொன்னேன், துஷ்யந்தி இங்கிலீஷ்ல சொன்னா. இப்படி ஆளுக்கொரு ஊர் வழக்கம் பேசிக்கிட்டிருந்தோம்.

இவரு மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, எங்களைப் பார்த்தபடி நட்ட கம்பமா நிக்கறாரு. முதல் ரேஸ் ஓடுது, ஊரே கத்துது, இவரு அசையல. ரெண்டாவது ரேஸ். அசையல. ஆனா நான் பார்த்தேன், குதிரைங்க சத்தம் கிட்ட வர்றப்ப இவரு கால் கட்டைவிரல் செருப்புக்குள்ள துடிக்குது. பாவமா போச்சும்மா. கல்லு மாதிரி இருந்த மனசு எனக்கு, அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக் கரைஞ்சிடுச்சு. முப்பது வருஷம் இந்த மனுஷன் இப்படித்தானே நின்னிருக்காருன்னு தோணுச்சு. அதுக்காகப் பிள்ளை தலை சத்தியத்தை வாபஸ் வாங்க முடியுமா? முடியாதே.

அப்பதான் கிரேக் கேட்டாரு. ஆறடி ஆளு, தக்காளி மாதிரி சிவந்த முகம். உங்க அப்பா ஏன் திரும்பி நிக்கறாருன்னு. பார்த்திபன் முழிக்கறான். எங்க அம்மா கற்பூரத்துல சத்தியம் வாங்கினாங்கன்னு மேனேஜர்கிட்டயா சொல்லுவான்? டக்குனு சொல்லிட்டான், எங்க ஊர் வழக்கம் சார், பெரிய ரேஸ்ல குதிரையை நேரா பார்த்தா கண்ணு பட்டுடும், மரியாதைக்கு முதுகைக் காட்டி நிப்போம்னு.

கண்ணு படறதுங்கறத எப்படியோ அந்த ஆளுக்குப் புரிய வெச்சுட்டான் போல. கிரேக் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டாரு. வந்து இவரு பக்கத்துல முதுகைக் காட்டி நின்னுட்டாரு. அப்புறம் அவரு பொண்டாட்டி. அப்புறம் ஓயுனா. அவ ஊர்ல இதவிட விநோதமெல்லாம் உண்டு போல, அவதான் ரொம்ப பக்தியா நின்னா. பக்கத்து ஜமக்காளத்துல இருந்தவங்க என்ன ஏதுன்னு விசாரிச்சாங்க, அவங்களும் கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு வரிசையில சேர்ந்தாங்க. ஐயோ, நான் சிரிச்ச சிரிப்புல கொண்டையில இருந்த இறகு கழண்டு போச்சு. பார்த்திபன் மட்டும் தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

துஷ்யந்திதான் இறகைத் திருப்பிக் குத்தி விட்டா. அவ ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா, முகத்துல பாதி இருக்கும். வெளிப்பக்கம் பளபளன்னு ரசம் பூசின மாதிரி. அதுல பார்த்துத்தான் நான் என் பொட்டைச் சரி பண்ணிக்கிட்டேன், அவ்வளவு தெளிவா தெரியுது. இவரு அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "துஷ்யந்தி, அந்தக் கண்ணாடியை உங்க மாமிக்குக் கொடும்மா, வெயில் அவளுக்கு ஆகாது"ன்னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. எனக்கு வெயில் ஆகாதுன்னு இவருக்கு எப்பலருந்து தெரியும்? ஆடி மாசம் மொட்டை மாடியில நான் வத்தல் போட்டப்பல்லாம் தெரியலையா? ஆனா அவரே வாங்கி, அவரே என் காதுல மாட்டி விட்டாரும்மா. ஒரு முழம் பூ வெச்சு விட்டது கிடையாது இந்த மனுஷன். மாட்டி விட்டு, என் தாடையைத் தொட்டு, "கொஞ்சம் நிமிரு குமுதா, அப்படித்தான், ஆடாத"ங்கறாரு. என் மூஞ்சிக்கு நேரா, ஒரு சாண் தள்ளி நின்னு, கண்ணு கொட்டாம பாக்கறாரு. மருமக எதிர்ல. மேனேஜர் எதிர்ல. எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு.

பெரிய ரேஸ் ஆரம்பிச்சுது. எங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு குதிரை கொடுத்திருந்தாங்க. எனக்கு வந்தது வெள்ளைச் சட்டை, பச்சைத் தொப்பி ஜாக்கி. பாவம், ஆரம்பத்துலருந்தே கடைசி. சரி, வரிசை பூரா முதுகைக் காட்டி நிக்குது, கண்ணு திறந்து பாக்கறது நான் ஒருத்திதான், இவருக்காவது நாம சொல்லுவோம்னு வாயைத் திறந்தேன். நான் சொல்றது காதுலதானே விழும், கண்ணால பார்த்தாத்தானே பாவம்?

ஆனா பாரு, எனக்கு என் குதிரையை விட்டு வேறெதுவும் தெரியல. "ஐயோ கடைசில வருதுங்க, நுரை தள்ளுதுங்க, அடிக்கறான் பாருங்க, ஏன்டா பாவி அடிக்கற"ன்னு அத ஒண்ணையேதான் கத்தினேன். முன்னாடி எது போகுது, எவன் போறான், எனக்கு எதுவும் தெரியாது. இவரு நடுவுல, "இடது பக்கம் திரும்பு, உன் முகத்துல வெயில் அடிக்குது"ங்கறாரு. திரும்பினேன். "இப்ப மெதுவா வலது பக்கம், மெதுவா, மெதுவா"ங்கறாரு. ரேஸ் முடியற நேரத்துல என் முகத்து வெயில்தான் அவருக்குப் பெருசா இருந்துச்சு. அந்தக் கண்ணுல தண்ணி நிக்குதும்மா. உதடு துடிக்குது. பொண்ணு பார்க்க வந்தப்ப கூட அப்படிப் பார்க்கல.

முடிஞ்சுது. ஊரே கத்துது. இவரு துள்ளிக் குதிச்சு, "மஞ்சச் சட்டைக்காரன் உள்பக்கமா புகுந்து கடைசில கழுத்தளவு முந்தி ஜெயிச்சுட்டான் குமுதா"ன்னு கத்தறாரு. கிரேக் திரும்பிப் பெரிய திரையில மறுபடி போட்டதைப் பார்த்தாரு. மஞ்சச் சட்டைதான். உள்பக்கம்தான். கழுத்தளவுதான். அந்த ஆளு இவரு ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்கி, கண்ணுல ஒத்திக்காத குறை.

எப்படிங்க தெரிஞ்சுதுன்னு கேட்டேன். குளம்புச் சத்தம்னாரு. சத்தத்துல சட்டைக் கலர் கூடவா தெரியும்னேன். "எல்லாம் பழக்கம்தான்"னாரு. பாரு, ஒரு கதவை நாம அடைச்சா கடவுள் இன்னொண்ணை எப்படித் திறந்து விடறான். முப்பது வருஷம் கண்ணை மூடினதுக்குக் காதைக் கொடுத்துட்டான்.

என் குதிரை கடைசியா வந்து சேர்ந்துச்சு. நான் அழுதேன். ஓயுனா என் தோளைக் கட்டிக்கிட்டு அவ பாஷையில பாட ஆரம்பிச்சா. எனக்கு ஒரு எழுத்துப் புரியல, ஆனா மூக்கைச் சிந்திக்கிட்டே நானும் கூடப் பாடினேன். சிவந்த முகக்காரரும் பாடினாரு. அந்தக் குதிரை காதை ஆட்டிக்கிட்டே போச்சு, அதுக்குக் கேட்டிருக்கும்.

பார்த்திபனுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு தும்மல் கூடப் போடல. மூணு மாசத்துல வேலையில உசத்திக் கொடுத்துட்டாரு கிரேக். சத்தியத்தைக் காப்பாத்தினா கிடைக்கற பலனைப் பாரு. அடுத்த வருஷம் அவன் போன் பண்றான், அம்மா, இந்த வருஷம் ஆபீஸே திரும்பி நின்னுச்சு, இந்தியா வழக்கம்னு புதுசா வந்தவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கறாங்க, நான் எங்க போய் முட்டிக்கறதுன்னு. முட்டிக்காதடா, ஒரு நல்ல வழக்கம்தானேன்னேன்.

அப்பதான் நினைச்சேன், ஆஸ்திரேலியாவுல செய்யலாம்னா இங்க ஏன் கூடாது? அவரு பார்க்க வேணாம். நான் பார்க்கறேன். நான் சொல்லணும், அவரு கேக்கணும். சத்தியமும் நிக்கும், மனுஷனும் சந்தோஷமா இருப்பாரு. அதான் கிளம்பினோம். மத்தபடி எனக்கு ரேஸைப் பத்தி என்ன தெரியும் சொல்லு. நாளைக்கு மூணாவது ரேஸ்ல ஒரு கறுப்புக் குதிரை ஓடுது, போன வாரம் கடைசியா வந்தது, பேப்பர்ல படிச்சேன். அது பேரைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் எனக்கு.

என்னம்மா, வயிறு தேவலையா? நல்லா நிமிர்ந்து உக்காந்துட்டியே.

கண்ணாடியா? இதோ பையில இருக்கு. துஷ்யந்தியோடது அங்கயே போச்சு. இது புதுசு. தி.நகர்ல ஏழு கடை ஏறி இறங்கினாரும்மா. கறுப்பு நல்லாயிருக்குன்னு நான் சொன்னேன், அது வேணாம்னுட்டாரு. ஒவ்வொண்ணா என் மூக்குல மாட்டி, என்னைக் கடை வாசல்ல ரோட்டைப் பார்க்க நிறுத்தி, எதிர்ல நின்னுக்கிட்டு, என் முகத்தையே பாக்கறாரு. பஸ் போகுது, ஆட்டோ போகுது, இவரு என்னை விட்டுக் கண்ணை எடுக்கல. கடைக்காரன் சிரிக்கறான். கடைசில இதைத்தான் எடுத்தாரு, இருக்கறதுலயே பெருசு. போட்டுக் காட்டறேன் பாரு. எப்படி இருக்கு? உன் முகம் தெரியுதா? பின்னாடி மரமெல்லாம் ஓடறது கூடத் தெரியுதா? ஆமா, நல்ல கெட்டியான ரசம்.

ஊட்டி பூரா மூடுபனி, வெயில் எங்க இருக்கு, இது எதுக்குன்னு நானும் கேட்டேன். "பனிதான் குமுதா கண்ணை ரொம்பக் கூச வைக்கும்"னாரு.

ஏம்மா அப்படிப் பாக்கற? எதையோ சொல்ல வாயெடுத்தியே, சொல்லு. இல்லையா? சரி, உனக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆகட்டும், அப்பத் தெரியும். வெச்ச கண்ணு வாங்காம ஒருத்தர் உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னாருன்னா, சுத்தி எத்தனை குதிரை ஓடினா என்ன?